ஊட்டிக் குளிரில் வெப்பம் எங்கே போகிறது?

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. ஊட்டியில் ஒரு விடுதி வாசலில் இரவெல்லாம் நின்ற காரின் கூரை முழுக்க வெள்ளை. சுற்றுலா வந்த பிள்ளைகள் விரல் நகத்தால் அதில் பெயர் கிறுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கூரையும் முன்கண்ணாடியும் இப்படி வெளுத்துக் கிடக்க, அதே காரின் பக்கக் கதவுகளில் வெறும் ஈரம்தான் இருக்கிறது. நாலடி தள்ளித் தகரக் கொட்டகைக்குள் நிற்கும் ஆட்டோவில் அந்த ஈரம்கூட இல்லை. மூன்றையும் சுற்றியிருந்தது ஒரே காற்று, ஒரே குளிர். அப்புறம் எதற்கு இந்த ஓரவஞ்சனை?

காரணம் வானம். எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கார், புல், பாறை, மனித உடம்பு எல்லாமே இதைச் செய்கின்றன. பகலில் வெயில் அந்தச் செலவை ஈடுகட்டிவிடும். இரவில் வரவு நின்றுபோகிறது, செலவு மட்டும் தொடர்கிறது. மேகம் இருந்தால் அது தரையின் கதிர்களை வாங்கிக்கொண்டு ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மேகமில்லாத இரவில் அந்தத் தயவும் கிடையாது. ஒரு சதுர மீட்டர் திறந்த தரை அப்படிப்பட்ட இரவில் 50 முதல் 100 வாட் வரை இழக்கக்கூடும்.

காரின் கூரை மல்லாந்து படுத்து முழு வானத்தையும் பார்க்கிறது. கதவுக்குப் பாதி வானம். மீதிப் பாதியில் எதிர்ச் சுவரும் தரையும். அவை தங்கள் வெப்பத்தில் கொஞ்சத்தைக் கதவுக்குத் தருகின்றன. கொட்டகைக்குள் நிற்கும் ஆட்டோ பார்ப்பது தகரத்தை மட்டும்தான். வானத்தை யார் எவ்வளவு பார்க்கிறார்களோ, அவ்வளவு வெப்பம் பறிபோகிறது.

ஊட்டியின் உயரம் இதை இன்னும் மோசமாக்குகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். வளிமண்டலத்தின் ஏறத்தாழக் கால் பங்கு அதற்குக் கீழேயே தங்கிவிடுகிறது. வெப்பக் கதிர்களைப் பிடித்து வைப்பதில் முதலிடம் நீராவிக்கு. அதிலும் பாதியளவு முதல் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே இருப்பதால், மலைமேல் தலைக்கு மேலுள்ள போர்வை மெல்லியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்துவிட்டால் அந்தப் போர்வையும் விலகிவிடும். நீலகிரிக்காரர்கள் நவம்பரில் விழுவதை நீர்ப்பனி என்பார்கள், அதற்குப் பின் வருவதை உறைபனி என்பார்கள். புல்லின் மேற்பரப்பு சுழியத்துக்குக் கீழே இறங்கியதும் காற்றிலுள்ள நீராவி தண்ணீராகாமல் நேரடியாகவே பனிப் படிகமாகப் படிகிறது. கூர்ந்து பார்த்தால் இலையின் ஓரத்திலும் ரோமங்களிலும் ஊசி ஊசியாக நிற்பது தெரியும்.

இங்கே ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். காலைச் செய்தியில் குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று சொல்வார்கள், புல்வெளியோ உறைந்து கிடக்கும். இரண்டும் சரிதான். வானிலை நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே, காற்றோட்டமான மரப்பெட்டிக்குள் இருக்கிறது. அது அளப்பது காற்றின் வெப்பநிலையை. வானத்தை வெறித்துக்கொண்டு கிடக்கும் புல்லின் நுனி அதைவிட நாலைந்து டிகிரி கீழே போயிருக்கும்.

பனி வானத்திலிருந்து விழுவதாகத்தான் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். நண்பர் ஒருவரின் தோட்டத்தில் நாலு காலில் ஒரு பலகையை நிறுத்தி, ஒரே எடையுள்ள கம்பளித் துணுக்குகளில் ஒன்றைப் பலகைக்கு மேலேயும் இன்னொன்றைப் பலகைக்கு அடியிலும் வைத்தார். காலையில் எடை போட்டால், மேலே வானம் பார்த்துக் கிடந்த கம்பளி நிறையப் பனி பிடித்திருந்தது. அடியில் இருந்தது கொஞ்சமே பிடித்திருந்தது. பொருள் முதலில் வெப்பத்தை இழந்து குளிர்கிறது, அதற்கு அப்புறம்தான் அதன்மேல் பனி படிகிறது என்று 1814ல் எழுதினார். அந்த ஆண்டே ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் கொடுத்தது.

வெல்ஸ் தம் நூலில் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று நம் நாட்டுடையது. வங்காளப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட் பார்க்கர் 1775ல் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு தொழிலை விவரித்திருந்தார். அலகாபாத் பக்கம் இரண்டடி ஆழத்துக்குக் குழி வெட்டி, கரும்புத் தட்டையையும் சோளத் தட்டையையும் பரப்புவார்கள். அதன்மேல் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றி இரவில் விட்டுவிடுவார்கள். விடியுமுன் தட்டுகளில் பனிக்கட்டி! அக்கம்பக்கத்துக் குளம் குட்டையில் தண்ணீர் உறைவதே இல்லை. தட்டைப் படுக்கை கீழிருந்து மண்ணின் சூடு ஏறாமல் தடுத்தது. மேலே திறந்த வானம் மற்றதைப் பார்த்துக்கொண்டது. மின்சாரமும் குளிர்பதனப் பெட்டியும் வருவதற்கு வெகுகாலம் முந்தைய கதை இது.

ஊட்டியிலேயே எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பனி படிவதில்லை. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று ஆண்டுதோறும் அதே பெயர்கள்தான் செய்தியில் வரும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் குளிர்ந்த காற்று மெதுவாக வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. மேட்டில் இருக்கும் வீட்டுக்காரர் ஸ்வெட்டரோடு சமாளிக்கும் அதே இரவில், பள்ளத்தில் கேரட் போட்டவர் தூக்கமில்லாமல் கிடப்பார்.

இந்தப் பள்ளத்துக் குளிருக்கு நீலகிரியின் நிலத்தோற்றத்திலேயே பங்கு உண்டு என்று கருதுகிறவர்கள் உண்டு. மலையின் மேல்பகுதியில் மடிப்புகளில் மட்டும் சோலைக்காடு, சுற்றிலும் மொட்டையான புல்வெளி. ஏன் சோலை பரவவில்லை? வனத்துறையைச் சேர்ந்த சி.ஆர். ரங்கநாதன் 1938ல் உறைபனியை நோக்கிக் கைகாட்டினார். சோலை மரங்கள் வெப்பமண்டல வம்சம். அவற்றின் இளங்கன்றுகள் திறந்த புல்வெளியில் முளைத்தால் ஓரிரு உறைபனி இரவுகளில் கருகிவிடும். சோலைக்குள் முளைத்தாலோ தலைக்கு மேல் இலைக்கூரை இருக்கிறது, வானம் தெரியாது, பனி உறையாது. காட்டை அழித்ததால் வந்ததே இந்தப் புல்வெளி என்று வாதிட்டவர்களும் உண்டு. ஆனால் 1993ல் ஆர். சுகுமார் குழுவினர் நீலகிரியின் கரிச்சேற்றுப் படுகைகளை ஆராய்ந்து நேச்சர் இதழில் வெளியிட்ட முடிவுகள், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் செழித்திருந்ததைக் காட்டின. கோடரி வருவதற்கு வெகு முன்பே புல் வந்துவிட்டது.

விடிகாலையில் இன்னும் ஒன்றைக் கவனிக்கலாம். மார்கழியில் எதிர் மலைக் கோயிலின் ஒலிபெருக்கி பக்கத்துத் தெருவில் பாடுவது மாதிரி கேட்கும். அதே ஒலிபெருக்கி மத்தியானம் பாடினால் காதில் விழாது. ஊர் அடங்கியிருப்பது மட்டும் காரணமல்ல. பகலில் தரையருகே காற்று சூடாகவும் மேலே போகப்போகக் குளிர்ச்சியாகவும் இருக்கும். பனிக்கால விடியலில் இது தலைகீழாகிறது; கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர் என்றால் சுழிய டிகிரியில் 331 மீட்டர்தான். வேகம் கூடிய மேலடுக்கில் நுழையும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கே இறங்குகிறது. அதனால்தான் பாட்டு பள்ளத்தாக்கைத் தாண்டி வந்து எழுப்புகிறது. அதே தலைகீழ் அடுக்கு புகையையும் மேலே ஏற விடாது. டீக்கடை அடுப்புப் புகையும் குப்பை எரித்த புகையும் வீட்டுக் கூரை மட்டத்தில் நீலக் கோடாகப் படுத்துக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகே அது கலைகிறது.

மார்கழி விடியலில் ஓசோன் நிறைய இருக்கும், கோலம் போடுகிறவர்களுக்கு அது நல்லது என்று ஒரு பேச்சு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும். தரையருகே ஓசோன் உருவாக வெயில் வேண்டும். ஆகவே விடியலில் அது குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் நுரையீரலுக்கு அது கேடுதான். அதிகாலையில் எழுவது நல்ல பழக்கம் என்பதற்கு ஓசோன் சாட்சி தேவையில்லை.

இனி அடுக்களைக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அலமாரியைத் திறந்தால் தேங்காயெண்ணெய் கட்டியாக உறைந்திருக்கும். பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஒன்றும் நடக்காதது போல நிற்கும். தேங்காயெண்ணெய் உருகுவதும் உறைவதும் 24 டிகிரியை ஒட்டி. ஊட்டியில் டிசம்பர் மாதம் வீட்டுக்குள்ளேயே அந்த அளவை எட்டுவது அபூர்வம். கோவையில்கூட விடிகாலையில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு.

இரண்டு எண்ணெய்க்கும் வித்தியாசம் மூலக்கூறின் உருவத்தில் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ 90 சதம் நிறைவுற்ற கொழுப்பு. அதில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்ற 12 கரிம அணுக்கள் கொண்ட குட்டையான, நேரான சங்கிலி. நேரான சங்கிலிகள் விறகுக்கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கிக்கொள்ளும். நல்லெண்ணெயின் சங்கிலிகளில் பெரும்பாலானவை இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் மடங்கியவை. அவை நெருங்க வேண்டுமானால் குளிர் சுழியத்துக்கும் கீழே இறங்க வேண்டும்.

உறையும்போது பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். 24 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனதும் உடனே உறைந்துவிடாது, தெளிவாகவே நிற்கும். பிறகு புட்டியின் அடியிலும் சுவரோரத்திலும் பால் கலந்தாற்போல் ஒரு மங்கல் தோன்றும். அதற்குள் சின்னச் சின்ன வெள்ளைத் திட்டுகள். அவை விரிந்து ஒன்றையொன்று தொட்டதும் எண்ணெய் வெண்ணெயாகிவிடும். வெந்நீரில் வைத்து உருக்கும்போதும் கடைசித் திட்டு கரையும் வரை புட்டி லேசில் சூடேறாது. கொடுக்கிற சூட்டை உருகும் வேலையே விழுங்கிவிடுகிறது.

உறைந்தால்தான் சுத்தமான தேங்காயெண்ணெய் என்று பலர் நம்புகிறார்கள். பனங்கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் லாரிக் அமிலம்தான் அதிகம், அதுவும் இப்படியே உறையும். பாமாயிலும் குளிரில் கட்டும். ஆகையால் உறைவது சுத்தத்துக்குச் சான்று ஆகாது. நல்ல குளிரிலும் உறையவே மறுக்கும் புட்டியைச் சந்தேகிக்கலாம், அவ்வளவுதான்.

அடுத்த பிரச்சினை மாவு. சனிக்கிழமை மாலை ஆட்டி வைத்த இட்லி மாவு சென்னையில் ஞாயிறு காலை மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஊட்டியில் வைத்த கோடு மாறாமல் இருக்கும். மாவைப் பொங்க வைப்பவை பாக்டீரியாக்கள். லியூகோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ் என்பது இதில் முன்னணியில் நிற்பதாக 1965ல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் இது, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமும் கரிவளியும் விடுகிறது. உளுந்தின் பிசுபிசுப்பு அந்தக் குமிழிகளைப் பிடித்து வைக்கிறது. இவற்றுக்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு பிடிக்கும். பத்து டிகிரி குறைந்தால் இவற்றின் வேகம் பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ விழுந்துவிடும். இரவெல்லாம் 12 டிகிரியில் கிடக்கும் மாவு புளிக்காமல் இருப்பதில் அதிசயம் இல்லை.

மலையில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு வழி தெரியும். உளுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டி, பாத்திரத்தைச் சூடு தணிந்த அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கம்பளி சுற்றுவார்கள். இல்லாவிட்டால் அகலமான சட்டியில் வெந்நீர் ஊற்றி அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்குவார்கள். கம்பளியை மட்டும் சுற்றிப் பயனில்லை. கம்பளி சூடு தராது, இருக்கிற சூடு போகாமல்தான் தடுக்கும். குளிர்ந்த தண்ணீரில் ஆட்டிய மாவுக்குக் கம்பளி சுற்றினால் அந்தக் குளிர்தான் பத்திரமாக இருக்கும்.

காலைக் காபிக்கு எவர்சில்வர் டம்ளரை எடுத்தால் கை சுரீர் என்கிறது. பக்கத்திலிருக்கும் மரப்பலகையைத் தொட்டால் அப்படி இல்லை. வெப்பமானி வைத்துப் பார்த்தால் இரண்டும் 10 டிகிரியே காட்டும். நம் தோலுக்குப் பொருளின் வெப்பநிலையை அளக்கத் தெரியாது. தன்னிடமிருந்து சூடு எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதே அதற்குத் தெரியும். எவர்சில்வர் மரத்தைப் போல நூறு மடங்கு வேகத்தில் வெப்பத்தைக் கடத்துகிறது. வாயைத் திறந்தால் புகை வருவதும் இழப்புக் கணக்குதான். உள்ளிருந்து வரும் மூச்சு ஈரம் நிறைந்தது, 34 டிகிரியை ஒட்டியது. வெளிக்குளிரில் கலந்ததும் அத்தனை ஈரத்தைக் காற்றால் தாங்க முடியாமல் நுண்துளிகளாகிவிடுகிறது.

தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளின் மேல் கோத்தகிரி மிலார் செடிகளைப் பரப்பி மூடிவைப்பார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். வெல்ஸின் பலகை செய்த வேலையை அந்தத் தழைகள் செய்கின்றன. செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு. மூடாமல் விட்ட செடிக்கு நேர்வது என்ன? இலைக்குள் முதலில் செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் பனிக்கட்டி உண்டாகிறது. அது செல்லுக்குள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கிறது. செல் வற்றி, சவ்வு பிய்ந்துவிடுகிறது. வெயில் வந்து பனி உருகியதும் இலை வெந்ததுபோல் துவண்டு, பிறகு கருகும். தேயிலைத் தோட்டக்காரர்கள் அஞ்சுவது இதற்குத்தான். கருகாமல் தப்பிய கொழுந்துக்கு வேறொரு மவுசு உண்டு. குளிரில் மெல்ல வளர்வதால் மணம் கூடியதாகச் சொல்லப்படும் அந்தத் தேயிலை, 'ஃப்ராஸ்ட் டீ' என்ற பெயரில் தனி விலைக்குப் போகிறது.

டிசம்பர் 21 அல்லது 22 ஆண்டின் மிகக் குறுகிய பகல். ஊட்டியில் அன்றைக்குப் பகல் ஏறத்தாழப் பதினொன்றரை மணி நேரம். உச்சி வேளையில்கூடச் சூரியன் 55 டிகிரி உயரத்தைத்தான் எட்டும். அதற்குப் பிறகு பகல் நீளத் தொடங்கினாலும் விடியல் முந்துவதில்லை. ஜனவரி கடைசி வரை சூரியன் உதிப்பது பத்து நிமிடம் அளவுக்கு இன்னும் தள்ளிப்போகிறது, நீட்சியெல்லாம் மாலைப்பக்கம். குளிரும் உடனே விடுவதில்லை. தரை இழப்பது பெறுவதைவிடக் கூடுதலாக இருக்கும் வரை கையிருப்பு கரைந்துகொண்டேதான் போகும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்னவர்கள் மார்கழியோடு கணக்கை முடிக்கவில்லை. இத்தனைக்கும் ஜனவரி முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகே, சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலையில் 15.2 கோடி. குளிரைத் தீர்மானிப்பது தூரம் இல்லை, வெயில் விழும் சாய்வு.

வெப்பம் போகும் வழிகளை அடைப்பதுதான் குளிர்காலத்து வாழ்க்கை முழுக்க நடக்கிறது. செடிக்கு மிலார், மாவுக்குக் கம்பளி, காதுக்கு மப்ளர். ஒரு வழியை மட்டும், அறைக்குள் காற்று வந்துபோகும் வழியை, அடைக்கக் கூடாது. மலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் இரவில் கரி அடுப்பில் கோழி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, கனல் வீணாகிறதே என்று அந்த அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவு சன்னலைச் சாத்திப் படுத்துவிடுகிறார்கள். புகை அடங்கிய கரியிலிருந்துகூட கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் எழுந்து கதவைத் திறக்கும் தெம்பு போய்விடும். மலைவாசத் தலங்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

ஆகவே இந்த டிசம்பரில் மலையேறுகிறவர்கள் இன்னொரு கம்பளியைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். கரி அடுப்பை வெளியிலேயே தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, அறைக்குள் போய்ப் படுங்கள்.